புரட்டாசி வானம்: சேலம், நாமக்கல் சமவெளியின் மழைக் கணக்கு

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் செப்டம்பர் 30 அன்று ஒரு பருவம் முடிகிறது, அக்டோபர் 1 அன்று இன்னொன்று தொடங்குகிறது. முன்னது தென்மேற்குப் பருவம், பின்னது வடகிழக்குப் பருவம். மழைப் பதிவேடும் வறட்சி அறிவிப்பும் செய்தித்தாளில் வரும் ‘இயல்பைவிட இத்தனை சதவீதம் குறைவு’ என்ற வரியும் இந்தத் தேதிக் கோட்டை ஒட்டியே எழுதப்படுகின்றன. மழைநாள் என்பதே காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதால், செப்டம்பர் 30 மாலையில் ராசிபுரத்தில் இடியோடு கொட்டும் மழை அக்டோபர் 1இன் பெயரில் பதிவாகும். அதாவது தென்மேற்குக் காற்றின் காலத்தில் எழுந்த மேகம் வடகிழக்குப் பருவத்தின் வரவாகிவிடும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மேட்டுக்காடுகளில் இந்தக் கோட்டுக்குப் பொருள் இல்லை. அங்கே ஆடிக் கடைசியில் வலுக்கத் தொடங்கும் மழை, ஆவணி, புரட்டாசி வழியாக ஐப்பசி பாதிவரை ஒரே பருவமாக நீள்கிறது. மானாவாரி உழவர் அதை ஒன்றாகவே கணக்கில் வைத்திருக்கிறார். விதைப்பும் களையும் அறுவடையும் அந்த எண்பது, தொண்ணூறு நாளை ஒட்டியே நடக்கின்றன. அரசின் கணக்கு அந்தப் பருவத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியைக் கேரளத்தோடும் மறு பாதியைச் சென்னையோடும் சேர்த்துவிடுகிறது. இந்தச் சமவெளிக்கு ஒரு மழைக்கால முன்னோட்டம் உண்மையிலேயே பயன்பட வேண்டுமானால், முதலில் இந்த வெட்டைச் சரிசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலம். சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயனும் பச்சைமலையும், தெற்கே போதமலையும் கொல்லிமலையும், ஊரை ஒட்டியே நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. மேற்கே நெடுந்தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதி நீரை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. சேலத்துக்கு ஆனி, ஆடியில் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். வங்கக்கடலும் அருகில் இல்லை. கார்த்திகையில் சென்னையையும் கடலூரையும் நாகப்பட்டினத்தையும் நனைக்கும் கீழைக்காற்று இங்கே வந்து சேரும்போது பாதி வலு இழந்திருக்கும். இரண்டு கடல்களின் மழைக்கும் ஓரத்தில் கிடக்கும் நிலம் இது.

ஆண்டு மழை சேலத்தில் 1,000 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நாமக்கல்லில் 700 மி.மீ.யை ஒட்டியே நிற்கிறது. ஏற்காட்டின் உச்சியில் 1,500 மி.மீ. வரை பெய்யும்போது, முப்பது கி.மீ. தள்ளியிருக்கும் கிராமத்தில் அதில் பாதிதான். தமிழ்நாடு முழுமைக்கும் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தென்மேற்கின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டும். சேலத்தில் இரண்டு பருவத்தின் பங்கும் கிட்டத்தட்டச் சமம். இந்தச் சமநிலையைப் பார்த்து, சேலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு என்று பாடநூல்கள் எழுதிவிடுகின்றன. ஜூன், ஜூலை எண்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது முழு உண்மை அல்ல என்று தெரியும். அந்தப் பருவத்தின் மழையில் பெரும்பகுதி ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெய்வது. அதுவும் கேரளத்தில் பெய்வதுபோல் நாள்கணக்கில் தூறும் மழை கிடையாது. மாலையில் எழுந்து, ஒன்றிரண்டு மணி நேரம் இடித்துக் கொட்டிவிட்டு, நள்ளிரவுக்குள் வானம் வெளுக்கும் மழை. பெயர் தென்மேற்குப் பருவம் என்றாலும் அதன் பிறப்பு உள்ளூரில்.

அந்த மழை உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னறிவிப்பின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சேலம் ஏறத்தாழ 11.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. தெற்கு நோக்கித் திரும்பும் சூரியன் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி இவ்வூரின் நேர் உச்சியைக் கடக்கிறது. ஆண்டின் இரண்டாவது வெப்ப ஏற்றம் அதுதான். செம்மண் நிலமும் பாறைக் கரடுகளும் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். சூடான காற்று சேர்வராயன், கொல்லிமலைச் சரிவுகளில் ஏறும். அதே நேரம் தென்மேற்குக் காற்று தளரத் தொடங்கியிருக்கும். வலுவான மேலைக்காற்று அடிக்கும்வரை மேகம் குவிய இடம் கிடைக்காது; காற்று தளர்ந்ததும் கிழக்கில் இருந்து வரும் ஈரம் உள்நாடு வரை நுழைந்து, மேலைக்காற்றோடு முட்டும் ஒரு கோடு உருவாகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக அந்தக் கோடு அமையும் நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் கோபுரமாக எழும். பிறகு மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் விரிந்து, பக்கத்து ஊரில் இருக்கும் சூடான காற்றை மேலே தள்ளி அடுத்த மேகத்தை எழுப்பும். ஓமலூரில் தொடங்கிய இடி ஆத்தூர் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வட இந்தியாவின் குறுக்கே கிடக்கும் பருவமழைத் தாழ்வுப் பள்ளம் சில சமயம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும். அப்போது நடு இந்தியாவில் மழை நின்றுபோகும். ‘பருவமழை இடைவெளி’ என்று செய்தி வரும் அந்த நாட்களில்தான் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் மாலை இடிமழை கூடுகிறது. 2023 ஆகஸ்ட், 1901 முதல் உள்ள பதிவில் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. தமிழ்நாடோ அந்தத் தென்மேற்குப் பருவத்தை இயல்பை ஒட்டிய மழையோடு முடித்தது. தில்லியில் இருந்து வரும் தேசியக் கணிப்பை அப்படியே சேலத்துக்குப் பொருத்திப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் இரண்டு வாரம் இன்னும் விசித்திரமானது. மேலைக்காற்று ஓய்ந்திருக்கும், கீழைக்காற்று இன்னும் நிலைகொண்டிருக்காது. மேகத்தை நகர்த்திச் செல்லக் காற்றில்லாததால் எழுந்த இடத்திலேயே நின்று கொட்டும். ஒரு ஊரில் ஓடை கரை மீறும். ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் புழுதி அடங்கியிருக்காது. வடகிழக்குப் பருவம் தொடங்கியதாக வானிலைத் துறை அறிவிக்கும் இயல்பான நாள் அக்டோபர் 20. தென்மேற்குப் பருவம் விலகி, கீழைக்காற்று கடற்கரையில் நிலைத்து, கடலோர நிலையங்களில் மழை பரவலானால்தான் அந்த அறிவிப்பு வரும். அக்டோபர் 10க்கு முன் அறிவிப்பதில்லை என்பதும் அவர்கள் விதி. அளவுகோல் முழுவதும் கடற்கரையைப் பார்த்து அமைந்தது. அந்த அறிவிப்பு வரும் நாளில் சேலத்தின் மழைக்காலம் தன் பெரும்பகுதியை முடித்திருக்கும். இங்கே அக்டோபர்தான் உச்சம், நவம்பரில் மழை சரிந்துவிடும். சென்னையில் நவம்பர் உச்சம்.

இனி நிலத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேட்டுக்காட்டில் ஆனி, ஆடியில் விதைத்த நிலக்கடலை ஆவணியில் விழுது இறக்கும். பூவின் அடியில் இருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய். மண் இறுகியிருந்தால் விழுது மேலேயே காய்ந்துவிடும். புரட்டாசியில் காய் முற்றும், கடைசியில் அறுவடை. செடியைப் பிடுங்க மண்ணில் ஈரம் வேண்டும், இல்லையென்றால் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். பிடுங்கிப் போட்ட பிறகு மழை பெய்தால் காய் முளைக்கும், பூசணம் பிடிக்கும். ஆக ஒரே பயிர் ஆவணியில் மழை கேட்கிறது, புரட்டாசி நடுவில் கொஞ்சம் ஈரம் கேட்கிறது, அதற்கடுத்த வாரம் வெயில் கேட்கிறது. மொத்த மழை எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் இந்தக் கேள்விகளில் எதற்கும் பதில் சொல்லாது.

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் மக்காச்சோளம். ஆவணி, புரட்டாசியில் விதைக்கிறார்கள். விதைத்த பிறகு பத்து நாள் மழை விட்டுப்போனால் முளைப்பு பொய்த்து, விதைக்கு மறுபடி பணம் போட வேண்டும். வீரிய விதையின் விலை சிறு உழவருக்குத் தாங்காது. நிலக்கடலை எடுத்த காட்டில் மிஞ்சிய ஈரத்தில் கொள்ளு விதைப்பவர்கள் அக்டோபரின் கடைசி மழையை நம்பியிருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கின் கணக்கு வேறு. வறட்சியைத் தாங்கும் பயிர் அது. ஆனால் கிழங்கை அரைத்து மாவாக்கி, ஜவ்வரிசியாக உருட்டி வறுத்தபின் சிமெண்டுக் களத்தில் வெயிலில் காய வைக்க வேண்டும். சேலத்தில் 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனத்தின் உறுப்பு ஆலைகள் பலவற்றில் அரவைப் பருவம் செப்டம்பரை ஒட்டித் தொடங்குகிறது. களத்தில் மாவு கிடக்கும்போது நாலு மணிக்கு எழும் மேகம் அன்றைய வேலையைக் கெடுத்துவிடும். காட்டுக்காரர் மழைக்கு ஏங்கும் அதே மாலையில் களத்துக்காரர் தார்ப்பாயைத் தேடுகிறார்.

மண்ணின் கொள்ளளவையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் வெயிலில் நிலமும் பயிரும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. நீரை ஆவியாக்குகின்றன. ஒன்றரை அடி ஆழமுள்ள மணல் கலந்த செம்மண்ணில் பயிருக்கு எட்டும் நீர் 45 மி.மீ. அளவில்தான் தேங்கும். நல்ல உழவு மழை ஒன்று பெய்து மண் நிறைந்தாலும் பத்து நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். வானிலைத் துறை 2.5 மி.மீ. பெய்தால் அதை மழைநாள் என்று எண்ணும். இந்த மண்ணில் அந்த மழை மறுநாள் பகலுக்குள் இல்லாமல் போகும். ஒரு செப்டம்பரில் 150 மி.மீ. மழை மூன்று மாலைகளில் கொட்டி, இடையில் பதினெட்டு நாள் காய்ந்தால் பதிவேட்டில் அது இயல்பான மாதம். காட்டில் அது கருகிய மாதம்.

பருவத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற தேடலே இந்த நிலத்தின் துயரத்தோடு தொடர்புடையது. 1876இல் மழை பொய்த்து, 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்திருந்தது. பிறந்தவர்களையும் சேர்த்த பிறகும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டான 1875இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு 1886இல் முதல் முறையான பருவ முன்னறிவிப்பை வெளியிட்டார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் இருந்து காற்றழுத்த எண்களைத் திரட்டி, பசிபிக் பெருங்கடலின் கிழக்கும் மேற்கும் எதிரெதிராக ஏறி இறங்குவதைக் கண்டார். ‘தெற்கத்திய அலைவு’ என்று அவர் பெயரிட்ட அந்த ஊசலாட்டமும், கிழக்குப் பசிபிக்கின் கடல்பரப்பு வெப்பமாகும் எல் நினோவும் ஒன்றின் இரு முகங்கள் என்பதை 1960களில் யாக்கோப் பியெர்க்னெஸ் நிறுவினார். 1877 மிக வலுவான எல் நினோ ஆண்டு என்பதை இன்றைய ஆய்வுகள் உறுதிசெய்கின்றன.

வாக்கரின் அந்தப் பழைய எண் இன்றும் சேலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாக மாவட்டவாரியாக மழைக் கணிப்பு வெளியிடுகிறது. தஹிதி, டார்வின் ஆகிய இரு இடங்களின் காற்றழுத்த வேறுபாட்டையும் பசிபிக்கின் கடல்பரப்பு வெப்பத்தையும் ஆஸ்திரேலிய மென்பொருளான ‘ரெயின்மேன்’ வழியாக அலசி, சேலத்துக்கு இத்தனை, நாமக்கல்லுக்கு இத்தனை என்று மி.மீ. கணக்கில் சொல்கிறார்கள். நல்ல பணி இது. மாநிலம் முழுமைக்கும் ஒரே நிறம் தீட்டும் வரைபடத்தைவிட ஒரு படி கீழே, மண்ணுக்கு அருகில் வருகிறது.

ஆனால் எல் நினோ இந்தச் சமவெளியில் இரண்டு திசையில் இழுக்கிறது. பொதுவாக அது தென்மேற்குப் பருவத்தை நலிவிக்கும், வடகிழக்குப் பருவத்துக்கு வலுவூட்டும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வெப்பமாகும் நேர்நிலை இருமுனையமும் வடகிழக்குப் பருவத்துக்கு உதவும். 2016இல் நிலைமை தலைகீழ்: வலு குறைந்த லா நினா, எதிர்நிலை இருமுனையம். வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கடற்கரை மாவட்டத்துக்கு இந்தத் தொடர்பு தெளிவானது. சேலத்துக்கோ மழைக்காலத்தின் முன்பாதியில் ஒரு பலன், பின்பாதியில் எதிர்ப்பலன். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கக்கூடும். அதற்கு மேல், செப்டம்பரின் மாலை இடிமழையில் பசிபிக்கின் குரல் மிக மெலிதாகத்தான் கேட்கும். ஆகவே எல் நினோ வருகிறது, சேலத்தில் மழை குறையும் என்றோ கூடும் என்றோ ஒற்றை வரியில் எழுதுவது பொறுப்பான செயல் ஆகாது.

பருவம் முழுமைக்கும் சொல்வது கடினம் என்றால் எந்தக் கால அளவில் நம்பிச் சொல்ல முடியும்? என் மதிப்பீட்டில் இரண்டு இடங்களில். ஒன்று, இரண்டு மூன்று வார அளவு. நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றிவரும் மழை அலை ஒன்று உண்டு. 1971இல் மேடனும் ஜூலியனும் கண்டறிந்தது. அது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் வாரங்களில் தென்னிந்தியாவில் மழை வாய்ப்புக் கூடும், கடந்துபோனால் குறையும். வானிலைத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கு வெளியிடும் கணிப்பில் இதன் தடம் தெரியும். விதைக்கலாமா, கடலை பிடுங்கலாமா என்ற முடிவுக்கு உதவும் கால அளவு இதுதான். ஆங்கிலத்தில், வரைபடமாக, இணையத்தில் அது கிடக்கிறது. அந்த வரைபடங்களில் சேலமும் நாமக்கல்லும் பெரும்பாலும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடும்.

மற்றொன்று, மூன்று மணி நேர அளவு. இதற்கு ரேடார் வேண்டும். இங்கேதான் சமவெளி பல காலமாகப் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது. சேலத்துக்கு அருகில் உள்ள வானிலை ரேடார் காரைக்காலில், நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சென்னை ஏறத்தாழ 280 கி.மீ. ரேடார்க் கதிர் நேராகச் செல்ல, பூமி அதன் அடியில் வளைந்து கீழிறங்குகிறது. அரைப் பாகைச் சாய்வில் புறப்படும் கதிர் காரைக்காலில் இருந்து சேலத்தை அடையும்போது தரைக்கு மேல் 4 கி.மீ. உயரத்தில் போகிறது, சென்னையில் இருந்து வந்தால் ஏறத்தாழ 7 கி.மீ. மேகத்தின் தலை தெரியும், அடிவயிறு தெரியாது. மழை எங்கே கனக்கிறது, இறங்கும் காற்று எந்தப் பக்கம் விரிகிறது என்பதெல்லாம் அந்த உயரத்துக்குக் கீழே நடப்பவை. தமிழ்நாடு அரசு ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் இரு ரேடார்களும், மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. சேர்வராயன் உச்சியில் நிற்கும் ரேடாருக்குச் சேலம், நாமக்கல், தர்மபுரி, கரூர் எல்லாமே கண்ணுக்கு எட்டும் தூரம். ஒரு மேகம் எழுந்து கொட்டி ஓயும் முழு வாழ்நாளும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்பதால், உள்நாட்டு இடிமழைக்கு ரேடார் வெறும் கருவி இல்லை, முன்னறிவிப்பே அதுதான் என்று சொல்லலாம். 2025 மேயில் தொடங்கப்பட்ட ‘பாரத்’ முன்னறிவிப்பு முறை நாட்டை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஓர் இடிமேகத்தின் மையமே பெரும்பாலும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

இடிமழைக்காலம் மின்னலின் காலமும்கூட. ஆடு மேய்ப்பவர்களும் காட்டில் களை எடுப்பவர்களும்தான் அதில் அதிகம் சிக்குகிறார்கள். புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி அருகில் மின்னல் விழுவதைக் காட்டி எச்சரிக்கிறது. கையில் திறன்பேசி இல்லாத மேய்ச்சல்காரருக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்பது தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. கோயில் ஒலிபெருக்கியும் பால் சங்கமும் இன்றும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

உள்ளூருக்கு ஏற்ற அறிவிப்பு என்பது வெறும் ஆசை இல்லை என்பதற்கு நாமக்கல்லே சான்று. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம், அடுத்த சில நாட்களுக்கான வெப்பம், காற்றின் திசை, வேகம், மழை வாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லி, கூடவே முட்டைக்கோழிப் பண்ணையாளர் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. தீவனத்தில் ஈரம் ஏறினால் பூசண நச்சு, வெப்பம் கூடினால் தீவனம் எடுப்பது குறைவு, குடிநீரில் கிருமி என அந்தந்த வாரத்து வானிலைக்கு அந்தந்த வாரத்து அறிவுரை. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் மாவட்டத்தில் அதைப் பண்ணையாளர்கள் படிக்கிறார்கள், நாளிதழ்கள் அச்சிடுகின்றன. பண்ணைக்கு இருக்கும் இந்தக் கவனம் பக்கத்துக் காட்டில் கடலை விழுது இறக்கும் உழவருக்கும் வேண்டும். அவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை உண்டு. ஆனால் அதில் எண்கள் மாவட்டச் சராசரி. சங்ககிரியையும் ஏற்காட்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

பருவத்தை உள்ளூர்த் தேவைக்கேற்ப வகுப்பது உலகில் புதிதும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலும் கோடையின் பிற்பகுதியில் மலைச்சரிவில் எழுந்து மாலையில் சமவெளிக்கு இறங்கும் இடிமழைதான் முதன்மையான மழை. ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களில் காற்றின் ஈரநிலை தொடர்ந்து மூன்று நாள் ஓர் அளவைத் தாண்டினால் பருவம் தொடங்கியதாக முன்பு அறிவித்தார்கள். மக்களுக்கு அது புரியவில்லை, எச்சரிக்கைக்கும் உதவவில்லை. 2008 முதல் ஜூன் 15இல் இருந்து செப்டம்பர் 30 வரை என்று தேதி குறித்து, அந்த நாட்களுக்கு உரிய வெள்ளம், புழுதிப்புயல், மின்னல் எச்சரிக்கைகளை அதில் கட்டினார்கள். நிலத்தைப் பார்த்துப் பருவத்தை வகுத்தார்கள்.

மழைக்காலத்தின் வாலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. புயல் கடற்கரைக்காரர் கவலை என்ற எண்ணம் சேலத்தில் நெடுநாளாக உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்தபடி மெதுவாக உள்ளே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், கடலில் இருந்து நூறு கி.மீ.க்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அரூரும் ஏற்காடும் சேலமும் அதே மேகத்தின் கீழ் நனைந்தன. இயல்பாக மழை ஓய்ந்திருக்க வேண்டிய நாட்களில், ஓர் ஆண்டின் பெரும்பகுதி மழை ஒரே நாளில். பருவச் சராசரியில் இது ‘கூடுதல்’ என்று ஏறும். ஏரிகளுக்கு நீர் வந்தது உண்மை. களத்தில் கிடந்த பயிருக்கு வந்தது அழிவு.

நீர் வருவதும் தங்குவதும் வேறுவேறு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அடியில் இருப்பது சார்னோக்கைட்டும் நைசும் ஆன கடும்பாறை. மேலே சிதைந்த மண்ணடுக்கும் பாறை வெடிப்புகளும்தான் நிலத்தடி நீருக்கு இடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் துளைபோட்டுத் திரும்பும் மாவட்டத்திலேயே ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு கிடப்பதற்கு அந்தப் பாறையும் ஒரு காரணம். மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் நிரம்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் ஆகஸ்டில் திறக்கும் நீர் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கால்வாய்க்கு மேட்டில் இருக்கும் காடுகளுக்கு, அணை நிரம்பி வழியும் செப்டம்பரிலும் வானம்தான் கதி. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வசிஷ்ட நதியும் மலைமழையில் இரண்டு நாள் ஓடிவிட்டு வடிபவை. மேட்டூரின் உபரி நீரைக் குழாய் வழியாகச் சேலத்தின் வறண்ட 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்ததுதான். அந்த ஏரிகளின் வரத்து வாய்க்கால்களைப் புரட்டாசிக்கு முன் தூர்வாரினால், வெளியில் இருந்து தள்ளும் நீரோடு அந்தந்த ஊர் இடிமழையும் சேரும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சேலம், நாமக்கல்லுக்கென்று ஒரு தனி முன்னோட்டம் தமிழில் வெளிவர வேண்டும். ஆகஸ்ட் நடுவில் இருந்து நவம்பர் முதல் வாரம்வரை ஒரே பருவமாக அது கொள்ள வேண்டும். மொத்த மழை எவ்வளவு என்பது அதில் கடைசி வரியாக இருந்தால் போதும். முதலில் சொல்ல வேண்டியது, நூறாண்டுப் பதிவேட்டின்படி செப்டம்பரின் ஒவ்வொரு வாரத்திலும் பத்து நாள் காய்ச்சல் விழுவதற்கான வாய்ப்பு, இந்த ஆண்டின் பசிபிக், இந்தியப் பெருங்கடல் நிலை அந்த வாய்ப்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது. மழைமானிகள் பிர்க்கா அளவுக்கு வந்தபின் சராசரியும் பிர்க்கா அளவில் தரலாம்; எடப்பாடிக்கு ஒன்று, தலைவாசலுக்கு ஒன்று, கொல்லிமலை அடிவாரச் சேந்தமங்கலத்துக்கு ஒன்று. கிழக்கே போகப்போக வடகிழக்குப் பருவத்தின் பங்கு கூடும் என்பதால் அக்டோபர் கணக்கு தலைவாசலுக்கு வேறாகத்தான் இருக்கும். வியாழன்தோறும் அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரு திருத்தம், அதோடு கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் ஜவ்வரிசிக் களத்துக்கும் தனித்தனியே ஒரு வரி. ‘கூடுதல் மழைக்கு 45 சதவீத வாய்ப்பு’ என்றால் என்ன பொருள் என்பதையும் அதே தாளில் விளக்க வேண்டும்: மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டிய வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, கூடுதல் மழை வராமல் போகவும் பாதிக்கு மேல் இடமிருக்கிறது என்று. விதையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வார். அதற்கான தரவு பழைய மழைமானிப் பதிவுகளில் இருக்கிறது, கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரிலும் நாமக்கல்லிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.